15 டாலர் செலவில் 12 பாட்டு

1953 ஜனவரியில் பாஸ்டன் நகரத்து ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில் ஓர் இளைஞர் பியானோ முன் உட்கார்ந்து, தாமே எழுதிய 12 நையாண்டிப் பாடல்களைப் பாடினார். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. செலவு 15 டாலர். ஹார்வர்டில் கணிதம் படித்துக்கொண்டிருந்த அவர் பெயர் டாம் லேரர். முதலில் 400 இசைத்தட்டுகள் போட்டார். பல்கலைக்கழக வளாகத்திலேயே தட்டு 3 டாலருக்கு விற்றார்.

அமெரிக்கத் தென்மாநிலங்களின் இனவெறி, அணுகுண்டு சோதிக்கும் பாலைவனம், போதைப்பொருள் விற்பவன் என்று அவர் தொட்டதெல்லாம் அன்றைய வானொலிக்கு ஆகாத பொருள். மெட்டோ துள்ளலும் இனிமையுமாக இருக்கும். கேட்பவர் தாளம் போட்டுக்கொண்டே வந்து, எதற்குத் தாளம் போடுகிறோம் என்று பாதியில் திடுக்கிடுவார். பிபிசி அந்த 12 பாடல்களில் 10-ஐத் தடை செய்தது. ஆனாலும் பாட்டு ஆள்விட்டு ஆளாகப் பரவியது. ஒரு கோடை விடுமுறை கழிந்ததும் நாட்டின் பல மூலைகளிலிருந்து தபாலில் கேட்டு எழுதத் தொடங்கினார்கள். 1950-களின் முடிவுக்குள் மூன்று லட்சத்துக்கும் மேல் விற்றிருந்தது.

2006-இல், அதே மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஹாமில்டன் என்ற சிற்றூரில், போ பர்னம் என்ற 16 வயதுப் பையன் தன் படுக்கையறையில் கீபோர்டு வாசித்து வேடிக்கைப் பாட்டுப் பாடி யூடியூபில் ஏற்றினான். கூடமும் இல்லை, தட்டும் இல்லை, தபால் செலவும் இல்லை. லேரருக்கு ஒரு கோடைக்காலம் பிடித்த வேலையைப் பர்னமின் தலைமுறை சில நாட்களில் முடித்துவிடுகிறது. இது பெரிய லாபம். இதைக் குறைத்துச் சொல்வது நியாயமல்ல. வானொலிக்காரர் கதவைச் சாத்தினால் திறமை வெளியே நிற்க வேண்டியிருந்த காலம் போய்விட்டது.

மேடை இருவரையும் வேறு வேறு விதமாகக் களைக்க வைத்தது. ராணுவச் சேவை முடிந்து 1957-இல் வெளிவந்த லேரர், 1960 வரை அமெரிக்கா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்று ஊர் ஊராகப் பாடினார். பக்கவாத்தியம் கிடையாது, ஒரு பியானோ, அவர், அவ்வளவுதான். தட்டில் இருப்பதையே இரவுதோறும் திரும்பப் பாடுவதில் அவருக்கு மனம் ஒட்டவில்லை. எழுதியது ஏறத்தாழ 37 பாடல், ஏறிய மேடை நூற்றுச் சொச்சம். பிறகு வகுப்பறைக்குத் திரும்பிவிட்டார். பர்னமோ மேடையில் வந்த பதற்றத் தாக்குதல்களால் ஊர்சுற்றலை நிறுத்தியவர். கொரோனா காலத்தில் ஓர் அறைக்குள் தனியாகவே பாடிப் படம்பிடித்த அவருடைய நிகழ்ச்சி 2021-இல் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. உலகமே பார்த்தது, ஆனால் அந்த அறையில் சிரிப்பதற்கு ஒருவரும் இல்லை.

லேரர் மறுபடி மேடையேறி 1967-இல் ஆஸ்லோவில் பாடிய கறுப்பு வெள்ளைப் பதிவு இன்று எவருக்கும் கிடைக்கிறது. கண்ணாடி அணிந்த, கணக்கு வாத்தியார் முகம். பாட்டுக்கு முன்னால் இரண்டு வாக்கியம் பேசுகிறார், நிறுத்துகிறார். சிரிப்பு எழுந்து அடங்கும்வரை காத்திருந்து விசையில் விரல் வைக்கிறார். அந்தக் காத்திருப்பின் அளவைத் தீர்மானித்தவர்கள் எதிரே இருந்தவர்கள். பார்வை எண்ணிக்கையில் இது தெரிவதில்லை. இழந்தவற்றில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன்.

அடுத்தது, அன்றன்றைய செய்தியோடு பாட்டுக்கு இருந்த உறவு. 1964, 65-இல் என்பிசி தொலைக்காட்சியின் வாராந்தர நையாண்டி நிகழ்ச்சிக்கு அவர் பாடல்கள் எழுதிக் கொடுத்தார். நிகழ்ச்சியில் வேறு பாடகர்கள் அவற்றை மழுப்பிப் பாடியதால், 1965 ஜூலையில் சான் பிரான்சிஸ்கோவின் இரவு விடுதி ஒன்றில் தாமே பாடிப் பதிவு செய்தார். அதில் ஜார்ஜ் மர்ஃபி என்ற பெயர் வந்தவுடனேயே கூட்டம் சிரிக்கிறது. நடிகராக இருந்து அப்போதுதான் செனட்டரானவர் அவர். இன்றைய கேட்பவருக்கு அந்தச் சிரிப்பு வர அடிக்குறிப்பு வேண்டும். அடிக்குறிப்புத் தேவைப்படாத பாட்டும் அதே தட்டில் இருக்கிறது என்பதுதான் வருத்தம். நீரும் காற்றும் கெட்டதைப் பற்றிய பாடலை நேற்று எழுதியது என்றால் நம்பலாம். அடுத்து அணுகுண்டு யார் கையில் என்று கேட்கும் பாடலில், மொனாக்கோ போன்ற குட்டி நாட்டைக்கூடச் சேர்த்துக் கேலி செய்தார். அப்போது குண்டு வெடித்துக் காட்டியிருந்த நாடுகள் ஐந்து. 1974-இல் பொக்ரானில் நாமும் சேர்ந்தோம். இன்று அணு ஆயுதம் வைத்திருக்கும் நாடுகள் ஒன்பது.

400 தட்டுகளோடு தொடங்கியவர் கடைசியில் செய்தது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அமெரிக்கச் சட்டப்படி 1953-ஆம் ஆண்டுப் பாடலுக்குப் பதிப்புரிமை 95 ஆண்டு வரை நீளக்கூடும். அதற்குக் காத்திராமல் 2020 அக்டோபரில் பாடல் வரிகளையும், 2022 நவம்பரில் இசை, ஒலிப்பதிவு உட்பட மற்ற எல்லா உரிமைகளையும் பொதுமக்களுக்கே விட்டுக்கொடுத்தார். பாடல்களை இணையத்தில் இலவசமாக வைத்து, தளம் மூடப்படும் முன் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். 2025 ஜூலை 26 அன்று, தம் 97-ஆம் வயதில் காலமானார்.

வேதியியல் தனிமங்களை அடுக்கும் அவருடைய புகழ்பெற்ற பாடலின் மெட்டு அவருடையதல்ல. 1879-இல் மேடையேறிய ஓர் இசை நாடகத்துக்காக ஆர்தர் சலிவன் போட்டது. அந்த மெட்டில் 1959-இல் அறியப்பட்டிருந்த 102 தனிமங்களையும் ஒரே மூச்சில் அடுக்கினார். பட்டியல் இன்னும் வளரலாம் என்று பாட்டின் முடிவிலேயே குறிப்பும் வைத்தார். இப்போது தனிமங்கள் 118. மீதி 16-ஐச் சேர்த்துப் பாட விரும்பும் வேதியியல் ஆசிரியர் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.