பொம்மை செட்டில் ஒரு பார்ட் மிஸ்ஸிங்கா? முழுப் பெட்டியையும் திருப்பி அனுப்புவதுதான் ஒரே வழியா?

செங்கத்தில் ஒரு வீட்டுக்கு ஆன்லைனில் ரயில் செட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் குழந்தையின் பிறந்தநாள். பிரித்தால் எல்லாம் இருக்கு, வளைவுத் தண்டவாளம் ஒன்று மட்டும் இல்லை. அது இல்லாமல் வட்டம் முடியாது, ரயில் ஓடாது.

ஆப்பைத் திறந்தால் 'ரிட்டர்ன்', 'ரீஃபண்ட்' என்று இரண்டே பட்டன். பணம் திரும்பி வந்தால் பெரியவர்களுக்குக் கணக்கு முடிந்தது. நாலு வயசுப் பிள்ளைக்கோ, கைக்கு வந்த பொம்மை மறுபடி பார்சலாகிப் போகுது. ஜமுனாமரத்தூர் மாதிரி மலை ஊர் என்றால், கூரியர் ஆள் எடுக்க வருவாரா என்பதே தனிக் கவலை. இல்லாத அந்த ஒரு துண்டை மட்டும் அனுப்பி வைத்தால் பிரச்சினையே இல்லை. நல்ல சர்வீஸ் என்றால் அதுதான்.

இது நடக்காத காரியம் இல்லை. லெகோ நிறுவனத்தின் ஒவ்வொரு செட்டுக்கும் ஒரு எண் உண்டு. செய்முறைப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் ஒவ்வொரு துண்டுக்கும் தனி எண் இருக்கும். இணையதளத்தில் செட் எண்ணைப் போட்டு, எந்தத் துண்டு இல்லையோ அதைத் தேர்ந்தெடுத்தால் இலவசமாக அனுப்புவார்கள். 2013-ல் பிரிட்டனில் ஒரு சிறுவன், கடைக்குக் கொண்டுபோன லெகோ பொம்மை வீரனைத் தானே தொலைத்துவிட்டு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினான். தப்பு அவன்மேல்தான். ஆனாலும் நிறுவனம் புது வீரனையும், கூடவே அவன் சண்டை போட ஒரு வில்லனையும் அனுப்பியது. அந்தப் பதில் கடிதம் உலகம் முழுக்க வைரலானது.

எல்லா நிறுவனமும் இப்படி இருக்காது. அப்போ சட்டம் என்ன சொல்லுது?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, 'குறைபாடு' என்பதில் தரத்தோடு அளவையும் சேர்த்தே சொல்கிறது. 40 துண்டு என்று அச்சிட்டு 39 இருந்தால் அதுவும் குறைபாடுள்ள பொருள்தான். பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள், எதுவும் குறிப்பிடவில்லை என்றால் 30 நாளுக்குள், அதைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்ற போர்டு இங்கே செல்லாது. பில் கொடுக்காததும் அதே பட்டியலில்தான் வருகிறது. கடைவீதியில் 200 ரூபாய் பொம்மைக்குப் பில் கேட்க நமக்கே கூச்சம்! ஆனாலும் கேளுங்க.

ஆன்லைன் என்றால் 2020 இ-காமர்ஸ் விதிகள் பொருந்தும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரி உறுதிசெய்ய வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதனால் சாட்டில் வரும் 'சாரி'யோடு நிறுத்தாதீங்க. பெட்டி, துண்டுப் பட்டியல், கையில் இருக்கும் துண்டுகள் மூன்றும் ஒரே போட்டோவில் தெரியும்படி எடுத்து, "இந்த ஒரு பார்ட் மட்டும் அனுப்புங்க" என்று எழுத்தில் கேளுங்க. பெட்டியின் மேலேயே வாடிக்கையாளர் சேவை முகவரி, போன், இமெயில் அச்சிட்டிருக்க வேண்டும் என்பதும் விதி. விற்றவர் கைவிரித்தால் தயாரித்தவரையே கேட்கலாம்.

உள்ளூர்க் கடையில் இன்னொரு சிக்கல். தெரிஞ்ச அண்ணாச்சி என்றால் உடனே வேறொரு பெட்டியைப் பிரித்து அந்தத் துண்டை எடுத்துக் கொடுத்துவிடுவார். நமக்கு வேலை முடிஞ்சுது. அந்தப் பெட்டி ஷெல்ஃபுக்கே திரும்பினால், அடுத்து வாங்குபவருக்கு அதே துண்டு இருக்காது. பெட்டியையே மாற்றித் தரச் சொல்வது மேல்.

ஒரு விஷயத்தில் மட்டும் பார்ட் வரும்வரை பொம்மையைக் குழந்தை கையில் கொடுக்கவே கூடாது. இல்லாதது பேட்டரி மூடியோ அதன் ஸ்க்ரூவோ என்றால். பட்டன் பேட்டரியை விழுங்கினால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும். 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். அது இல்லாத பொம்மை என்றால் பார்ட் கேட்கவே வேண்டாம், திருப்பிக் கொடுத்துடுங்க.

யாருமே மசியவில்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். அதற்கும் மேலே போக வேண்டும் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். செங்கத்துக்காரர்களுக்கு அது திருவண்ணாமலை. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.