டச்சும் ரஷ்யனும்: நமக்கு எது பக்கம்?

போன ஆண்டு நம் சங்கத்தின் பொங்கல் விழாப் பந்தியில் என் எதிரே இரண்டு குடும்பத்தார் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருடைய மகன் மேற்படிப்புக்கு நெதர்லாந்து கிளம்பிக்கொண்டிருந்தான். இன்னொருவருடைய மகள் மருத்துவம் படிக்க ரஷ்யா போகிறாள். "பாடமெல்லாம் இங்கிலீஷில்தான் சார். ஆனாலும் அந்த ஊர் பாஷை தெரியாமல் காலம் தள்ள முடியாது என்கிறார்கள். இரண்டில் எது கஷ்டம்?" என்று கேட்டார்கள். ஒரு காலத்தில் மாலை வகுப்பில் ரஷ்யனும், ஓய்வு பெற்ற பிறகு கொஞ்சம் டச்சும் படித்தவன் என்பதால் கேள்வி என்னிடம் வந்தது. பெண்ணின் அப்பா கூடவே ஒன்று சொன்னார்: "வீட்டில் இங்கிலீஷும் இந்தியுமாகவே பேசிப் பழக்கிவிட்டோம். இவளுக்குத் தமிழே தடுமாற்றம். ரஷ்யன் எங்கே வரப்போகிறது?"

பாயசம் முடிவதற்குள் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

ஒரே குடும்பம், இரண்டு கிளை

இரண்டுமே இந்தோ-ஐரோப்பிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. டச்சு அதில் ஜெர்மானியக் கிளை. ஆங்கிலத்துக்கும் ஜெர்மனுக்கும் நெருங்கிய உறவு. ரஷ்யன் ஸ்லாவியக் கிளை. உக்ரேனியனும் போலிஷும் அதன் சொந்தங்கள். இந்தியும் மராத்தியும் வங்காளமும் இதே பெரிய குடும்பத்தின் வேறொரு கிளை. அதனால்தான் வடக்கே வளரும் நம் பிள்ளைகளுக்குச் சில சொற்கள் கேட்டமாதிரி இருக்கும்.

எண்களைப் பாருங்கள். இந்தியில் 'தோ', 'தஸ்'. ரஷ்யனில் 'த்வா', 'தேசித்'. டச்சில் 'ட்வே', 'டீன்'. ரஷ்யன் பழைய ஒலியைக் காப்பாற்றியிருக்கிறது; டச்சில் மாறிவிட்டது. அது போலவே வடமொழி 'பஞ்ச' ரஷ்யனில் 'ப்யாத்', டச்சிலோ 'ஃபைஃப்'. ஜெர்மானிய மொழிகளில் இந்த மாற்றம் தற்செயலானதல்ல, விதிப்படி நடந்தது என்பதை 1822இல் யாக்கோப் கிரிம் விளக்கினார். தம்பியோடு சேர்ந்து நாட்டுக் கதைகளைத் தொகுத்த அதே கிரிம்தான்.

தமிழ் திராவிட மொழி. ஆகவே சொல் உறவில் நாம் இருவருக்குமே அந்நியர். ஆனால் சொல்லில் உறவு இல்லாத மொழிகளுக்குள்ளும் வாக்கியம் கட்டும் விதத்தில் ஒற்றுமை இருக்கலாம்.

எழுத்தும் ஒலியும்

டச்சு, ஆங்கில எழுத்துகளையே பயன்படுத்துகிறது. ரஷ்யனுக்கு சிரிலிக் எழுத்து, மொத்தம் 33. பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒன்றிரண்டு வாரத்தில் பிடிபட்டுவிடும். ஏமாற்றும் எழுத்துகள் சில உண்டு: ஆங்கில 'பி' மாதிரி தெரிவது அங்கே 'ர்', 'ஹெச்' மாதிரி தெரிவது 'ன்'.

ஒலியில் டச்சுக்காரரின் தொண்டை 'க்' நம்மைத் திணற வைக்கும். சளியைச் செருமுவது போலச் சொல்ல வேண்டும். ரஷ்யனில் தொல்லை வேறு: அழுத்தம் எந்த அசையில் விழும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. 'ஸாமக்' என்று முதலில் அழுத்தினால் கோட்டை. அதே எழுத்துகளைக் கடைசியில் அழுத்தி 'ஸமோக்' என்றால் பூட்டு!

இரண்டுக்கும் பொதுவான ஒரு பழக்கமும் உண்டு. இந்தியில் 'தான்' (கொடை) என்பதன் த-வும், 'தீன்' (மூன்று) என்பதன் த-வும் வேறல்லவா? சொல்லின் முடிவில் அந்த முதல் வகை மெய் வந்தால், டச்சுக்காரரும் ரஷ்யரும் அதை இரண்டாம் வகையாக மாற்றித்தான் உச்சரிப்பார்கள். எழுத்தில் ஒன்று, வாயில் ஒன்று.

வாக்கியத்தில்தான் விஷயம் இருக்கிறது

'இது என் வீடு' என்கிறோம். இதில் 'இருக்கிறது' என்று எதுவும் இல்லை. ரஷ்யனிலும் அப்படியே: 'ஏத மொய் தோம்'. இது, என், வீடு, அவ்வளவுதான். டச்சில் 'டிட் இஸ் மைன் ஹௌஸ்'. நடுவில் 'இஸ்' இல்லாமல் முடியாது. ஆங்கிலத்தின் 'எ', 'தி' போன்ற சொற்கள் டச்சில் உண்டு. ரஷ்யனில் கிடையாது, நமக்கும் கிடையாது.

இன்னும் சொல்லப்போனால், 'எனக்கு' என்று நாம் தொடங்கும் பல வாக்கியங்களை ரஷ்யரும் 'ம்னே', அதாவது 'எனக்கு' என்றே தொடங்குகிறார்கள்:

எனக்குக் குளிருது: 'ம்னே ஹோலத்ன'.
எனக்கு இருபது வயசு: 'ம்னே த்வாத்சத் லெத்'.
எனக்கு வலிக்குது: 'ம்னே போல்ன'.

டச்சுக்காரரோ வயதுக்கு 'நான் இருபது' என்பார். வலிக்கு 'நான் வலி வைத்திருக்கிறேன்' என்கிற மாதிரிச் சொல்வார். 'என்கிட்ட ஒரு புத்தகம் இருக்கு' என்பதும் ரஷ்யனில் ஏறக்குறைய அதே அமைப்பு. டச்சிலும் ஆங்கிலத்திலும் 'நான்' புத்தகத்தை உடையவன் ஆகிவிடுகிறேன்.

ரஷ்யனில் ஆறு வேற்றுமை. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்கு இது பெரிய மலை. எட்டு வேற்றுமை படித்த நமக்கு 'வீட்டை, வீட்டுக்கு, வீட்டில்' என்று சொல்லின் வால் மாறுவது புதிதல்ல. ஆனால் ஏமாந்துவிடக் கூடாது. தமிழில் எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் ஒரே 'ஐ', ஒரே 'கு'. ரஷ்யனில் பாலுக்கும் எண்ணுக்கும் தகுந்தபடி உருபு மாறும். மேசை ஆண்பால், புத்தகம் பெண்பால், ஜன்னல் அலிப்பால். இங்கே இந்தி தெரிந்த பிள்ளைக்குக் கொஞ்சம் கைகொடுக்கும்.

வினையிலும் ஒரு நுட்பம் உண்டு. 'சித்தால்' என்றால் படித்தான், படித்துக்கொண்டிருந்தான். 'ப்ரசித்தால்' என்றால் படித்துவிட்டான், முடித்தாயிற்று. இந்த வேறுபாட்டுக்காக ரஷ்ய மாணவர்கள் வருஷக்கணக்கில் முட்டிக்கொள்கிறார்கள். 'படிச்சேன்', 'படிச்சுட்டேன்' இரண்டும் ஒன்றல்ல என்று வீட்டில் கேட்டு வளர்ந்த குழந்தைக்குக் கருத்தாவது உடனே புரியும்.

டச்சின் சுலபமும் சூட்சுமமும்

டச்சு தன் வேற்றுமைகளை ஏறக்குறைய முழுவதும் உதிர்த்துவிட்டது. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவருக்குப் பாதிச் சொற்கள் ஊகத்திலேயே பிடிபடும். கூட்டுச்சொற்கள் வேடிக்கையானவை: கையுறைக்குக் 'கைச்செருப்பு', ஆமைக்குக் 'கேடயத் தேரை', மருத்துவமனைக்கு 'நோயாளர் வீடு'.

சூட்சுமம் வினையின் இடத்தில். சாதாரண வாக்கியத்தில் வினை இரண்டாம் இடத்தில் நிற்கும். ஆனால் 'ஏனென்றால்' என்று துணை வாக்கியம் வந்தால் வினை கடைசிக்கு ஓடிவிடும்: 'ஓம்டாட் இக் ஏன் பூக் லேஸ்'. சொல்லுக்குச் சொல், 'ஏனென்றால் நான் ஒரு புத்தகம் படிக்கிறேன்'. ஆங்கிலேயர் திணறும் அந்த இடத்தில் நமக்கு நிம்மதி!

இன்னொரு சிக்கல் இலக்கணத்தில் இல்லை. நெதர்லாந்தில் பெரும்பாலோர் நன்றாக ஆங்கிலம் பேசுவார்கள். நாம் டச்சில் தடுமாறத் தொடங்கியதும் மரியாதைக்காகவே ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். நம் வீடுகளில் தமிழில் தடுமாறும் பிள்ளையிடம் நாமும் இதைத்தானே செய்கிறோம்?

இருவரும் சந்தித்த கப்பல் பட்டறை

1697இல் ரஷ்யச் சக்கரவர்த்தி பீட்டர் வேற்றுப் பெயரில் ஹாலந்துக்குப் போய், ஆம்ஸ்டர்டாமில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல் பட்டறையில் தச்சராக வேலை கற்றார், டச்சும் பேசினார். கப்பலோடு சொற்களும் ரஷ்யாவுக்குப் போயின. மாலுமிக்கு 'மத்ரோஸ்', துறைமுகத்துக்கு 'காவன்' என்பவை டச்சு வழி வந்தவை. சுவையானது குடைக்கான சொல். கப்பல் தளத்தில் வெயிலை மறைக்கக் கட்டும் துணியை டச்சில் 'ஸோன்னடெக்' என்றார்கள். அது ரஷ்யர் வாயில் 'ஸோன்திக்' ஆயிற்று. ரஷ்யனில் 'இக்' என்று முடிந்தால் சின்னது என்று பொருள். ஆகவே அது 'சின்னக் குடை' என்று எண்ணி, 'பெரிய குடை'க்கு 'ஸோன்த்' என்று புதிதாக ஒரு சொல்லை வெட்டியெடுத்துக்கொண்டார்கள்!

அதே கம்பெனி நம் பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கடை விரித்தது. துட்டு, கக்கூஸ் என்ற சொற்கள் டச்சிலிருந்து நமக்கு வந்தவை என்பர். இலங்கைத் தமிழர் அலுவலகத்தைக் 'கந்தோர்' என்பதும் அவ்வழியே. பதிலுக்கு நம் கட்டுமரம் ஆங்கிலம் வழியாக இரு மொழிகளுக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

இன்னொரு சின்ன ஒற்றுமை. 'சர்நேம் என்ன?' என்று விண்ணப்பப் படிவம் கேட்கும்போதெல்லாம் அப்பா பெயரைத் தேடுகிறோம். ரஷ்யரின் பெயரில் அப்பா பெயருக்கென்றே இடம் உண்டு. மரியாதையாக அழைக்கும்போது பெயரோடு அதையும் சேர்த்து 'இவான் பெத்ரோவிச்' என்பார்கள். பெத்ரோவிச் என்றால் பியோத்தரின் மகன். அவர்களுக்கு அதற்கு மேல் குடும்பப் பெயரும் உண்டு. நாம் அப்பாவோடு நிறுத்திக்கொண்டோம்.

அப்படியானால் எது கஷ்டம்?

அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதன் கணக்கில் ரஷ்யனுக்கு ஏறத்தாழ 1100 வகுப்பு மணி. டச்சுக்கு அதில் பாதியை ஒட்டி. ஆனால் அது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கான கணக்கு. அதே பட்டியலில் ரஷ்யன் இருக்கும் கடின வகையில்தான் தமிழும் இருக்கிறது. அவர்களுக்கு 1100 மணி நேரம் பிடிக்கும் ஒன்றை நம் பிள்ளைகள் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்தே வாங்கிக்கொள்கிறார்கள். நாம் தடுக்காமல் இருந்தால் போதும்.

சொற்களால் பார்த்தால் டச்சு சுலபம், சந்தேகமில்லை. ரஷ்யனுக்கு உழைப்பு அதிகம். ஆனால் 'எனக்கு' என்று எண்ணத் தெரிந்த மனதுக்கு அது அவ்வளவு தூரத்து மொழியும் அல்ல.

அந்தப் பெண் கிளம்புவதற்கு முன் நாலு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தாள். நான் கற்றுக்கொடுத்தது ரஷ்யன் கொஞ்சம், தமிழ் கொஞ்சம். 'எனக்கு' என்று தொடங்கும் வாக்கியங்களைத் தமிழில் சொல்லச் சொல்லி, பிறகு ரஷ்யனில் மாற்றச் சொன்னேன். மார்கழியில் அங்கிருந்து போன் செய்தாள். "அங்கிள், பஸ்ஸில் ஒரு பாட்டி கையைப் பிடிச்சுக்கிட்டு 'ம்னே போல்ன'ன்னாங்க. டக்குனு புரிஞ்சுது. அப்படியே நம்ம 'எனக்கு வலிக்குது' மாதிரியே இருந்துச்சு. உட்கார இடம் கொடுத்தேன்."

அவள் அப்பாவிடம் இதைச் சொன்னேன். இப்போது அவர் மகளுக்குப் போன் செய்தால் தமிழில்தான் பேசுகிறாராம்.