உதிர்ந்த மணியும் முளைத்த இலையும்

பனவடலிசத்திரம் போன்ற மானாவாரி நிலப்பகுதிகளில், அறுவடைக்குப்பின் வயலில் நடப்போர் சிறு துளையொன்றைச் சுற்றி உமி வட்டமாய்க் குவிந்திருப்பதைக் காணலாம். அது விதை சேர்க்கும் எறும்பின் வாயில். புல்விதையையும் சிந்திய தானியத்தையும் இழுத்துச் சென்று, உமி நீக்கி, நிலவறைகளில் சேமிக்கிறது அது. மழையில் விதை நனைந்தால் வெளியே கொணர்ந்து வெயிலில் உலர்த்துகிறது.

இவ்வெறும்பையே நீதிமொழிகள் நூல் சோம்பேறிக்கு ஆசானாகக் காட்டுகிறது. குளிர்நாட்டு எறும்புகளை மட்டுமே கண்டிருந்த ஐரோப்பிய அறிஞர் சிலரோ, எறும்பு தானியம் சேர்ப்பதில்லை என மறுத்தனர். பூனாவில் சைக்ஸ் என்னும் படை அதிகாரியும், தென்னிந்திய எறும்புகளைப் பற்றி 1851-இல் எழுதிய மருத்துவர் ஜெர்டனும் தாம் கண்டதை எடுத்துரைத்தனர். தென் பிரான்சில் எறும்புக் கூடுகளைத் தோண்டி ஆராய்ந்த மாக்ரிட்ஜ், 1873-இல் வெளியிட்ட நூலால் ஐயத்தைப் போக்கினார். தமிழருக்கு இது புதிதன்று. எயிற்றியர் கரம்பை நிலத்தைக் கிளறிப் புல்லரிசி சேர்த்ததைப் பெரும்பாணாற்றுப்படை பாடுகிறது; அது எறும்பு சேர்த்து வைத்த அரிசி என்பர் உரைகாரர்.

எறும்பு, தேனீ, குளவி ஆகியவற்றின் பெருங்குலத்தில் பிறந்ததே கடுகுப் பயிரைக் கெடுக்கும் ரம்ப ஈயும். பெண் ஈ, ரம்பம் போன்ற உறுப்பால் இலையோரத்தைக் கீறி முட்டையிட்டுப் பறந்துவிடுகிறது. எறும்போ தன் கூட்டத்தின் குஞ்சுகளை ஊட்டி வளர்க்கிறது. ரம்ப ஈயின் கரும்பச்சைப் புழுக்கள் கடுகு, முள்ளங்கி ஆகியவற்றின் இளநாற்றுகளைக் காலையும் மாலையும் தின்கின்றன. தொட்டால் சுருண்டு விழுந்து செத்ததுபோல் கிடக்கின்றன. தாக்குதல் மிகுந்தால் உழவர் மீண்டும் விதைக்க நேரிடும்.

விதைத்த விதையையும் எறும்பு எடுப்பதுண்டு. ஆதலால் விதையை மண்ணால் நன்கு மூடுதல் வேண்டும். ரம்ப ஈயின் புழுவைக் காலை மாலைகளில் கையால் பொறுக்கி அழிக்கலாம். கோடை உழவு மண்ணுள் உறங்கும் கூட்டுப்புழுக்களை வெளிக்கொணரும். சாதாரணக் கம்பளிப்புழுவுக்கு வயிற்றில் ஐந்து இணைப் பொய்க்கால்களே மிகுதி. இதற்கோ எட்டு இணைகள். இவ்வேறுபாடு அறியாது எல்லாவற்றுக்கும் ஒரே நஞ்சைத் தெளித்தால், மகரந்தம் சேர்க்கும் தேனீயும் புழுவைப் பிடிக்கும் குளவியும் உடன் மடியும்.

உதிர்ந்ததைச் சேர்த்து வாழ்கிறது ஒன்று. முளைத்ததை அழித்து வாழ்கிறது மற்றொன்று. இரண்டையும் பிரித்தறியும் கண்ணை நம் பிள்ளைகளுக்கு வயலிலேயே வைத்துக் கற்பிப்போமாக. மருந்துச் செலவு குறையும், மண்ணும் வாழும்.