வீடியோ கேம் நல்லதா, கெட்டதா? உப்பளத்து 5,000 ரூபாயை வைத்து ஒரு கணக்கு

சென்னையிலிருந்து ஈசிஆர் வழியாகப் புதுச்சேரிக்கு பைக்கில் போனவர்களுக்கு அனுமந்தை என்றதும் டோல்கேட்தான் ஞாபகம் வரும். அந்தப் பக்கத்துக் கரையின் நிஜமான அடையாளம் மரக்காணத்து உப்பளங்கள். வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் பாத்தியில் வேலை கிடையாது. அதனால்தான் உப்பளத் தொழிலாளர்களுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களுக்காக 5,000 ரூபாய் நிவாரணத்தை தமிழக அரசு கொடுக்க ஆரம்பித்தது. அதே கரையில் விசைப்படகில் போகும் மீனவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம்.

வேலை இல்லை, கையில் போன் இருக்கு, டேட்டாவும் இருக்கு. இங்கே யாரோ ரம்மி ஆடித் தோற்றார் என்று சொல்ல வரவில்லை. அந்த 5,000 ரூபாயை ஓர் அளவுகோலாக மட்டும் மனசுல வச்சுக்குங்க.

எதைத்தான் ‘கேம்’னு சொல்றோம்?

வீட்டில் "கேம் ஆடியே கெட்டுப்போறான்" என்று திட்டும்போது, பையன் துப்பாக்கி சுடும் கேம் ஆடிக்கொண்டிருக்கலாம். அப்பா ரம்மியில் பணம் கட்டிக்கொண்டிருக்கலாம். இரண்டுக்கும் ஒரே பெயர். தமிழ்நாடு ஐந்து வருஷமாகப் போராடியது இந்தப் பெயர்க் குழப்பத்தோடும்தான்.

2020 நவம்பரில் அவசரச் சட்டம் வந்தது. 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு, 2022 அக்டோபரில் சட்டப்பேரவையில் மசோதா. ஆளுநர் அதைத் திருப்பி அனுப்ப, 2023 மார்ச்சில் பேரவை மறுபடியும் நிறைவேற்றியது. ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அந்த நவம்பரிலேயே உயர் நீதிமன்றம், சட்டம் செல்லும், ஆனால் ரம்மியையும் போக்கரையும் ‘அதிர்ஷ்ட விளையாட்டு’ பட்டியலில் வைக்க முடியாது என்றது.

நிறுவனங்கள் கடைசி வரை பிடித்துக்கொண்டது இந்த ஒரு வாதத்தைத்தான்: "ரம்மி திறமை விளையாட்டு." சரி, அப்படியே வைப்போம். தினமும் எட்டு மணி நேரம் அதையே ஆடுகிறவரோடு, மழைக்கு வேலை நின்ற இரண்டு மாசம் மட்டும் ஆடுகிறவர் உட்கார்ந்தால் யார் தோற்பார்? திறமை விளையாட்டு என்றாலே திறமை குறைந்தவரின் பணம் கைமாறும் என்றுதானே அர்த்தம்? யார் ஜெயித்தாலும் ஆப் தன் கமிஷனை எடுத்துவிடும். நம்ம அளவுகோல் 5,000 ரூபாய் ஒரே ராத்திரியில் கரைந்துபோகும்.

அந்த ‘ராத்திரி’யை அரசும் கவனித்தது. 2025 பிப்ரவரியில் வந்த விதிமுறைகள் பணம் வைத்து ஆடும் கேம்களுக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை பூட்டு போட்டன. 18 வயசுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அனுமதி இல்லை. இவை செல்லும் என்று ஜூனில் உயர் நீதிமன்றமும் சொன்னது. ஆனால் ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஒரே வாரத்தில் கதையையே மாற்றிவிட்டது. மத்திய அரசின் புதிய சட்டம் திறமையா, அதிர்ஷ்டமா என்று பார்க்கவே இல்லை. பணம் கட்டி, பணம் ஜெயிக்கிற ஆன்லைன் கேம் என்றால் தடை. நடத்துபவர்களுக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுகிறவருக்குத் தண்டனை இல்லை. அதே சட்டம் இ-ஸ்போர்ட்ஸைத் தனியாகப் பிரித்து ஊக்குவிக்கவும் சொல்கிறது. என்னைக் கேட்டால், ‘கேம்’ என்ற ஒரே மூட்டையை முதல்முறையாகப் பிரித்துப் பார்த்தது இந்தச் சட்டம்தான்.

அப்போ பையன் ஆடும் துப்பாக்கி கேம்?

வன்முறை கேம் ஆடினால் பிள்ளை முரடன் ஆகிவிடுவான் என்ற பயம் பழசு. ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் 14, 15 வயது பிரிட்டன் பிள்ளைகள் சுமார் ஆயிரம் பேரையும் அவர்களின் பெற்றோரையும் வைத்துச் செய்த ஆய்வு 2019-ல் வெளியானது. வன்முறை கேம்களுக்கும் முரட்டுத்தனத்துக்கும் அதில் தொடர்பு தென்படவில்லை.

பயப்பட வேண்டியது வேறு இடத்தில். ‘இலவசம்’ என்று இறக்கும் கேமில் துப்பாக்கிக்கு கலர் மாற்ற, டிரஸ் மாற்ற காசு. ஃபோர்ட்நைட் கேமை நடத்தும் எபிக் நிறுவனம், பட்டன்களைக் குழப்பமாக வைத்து ஆடுகிறவர்களைத் தெரியாமலே வாங்கவைத்தது என்ற புகாரில் மட்டும் 2022-ல் அமெரிக்காவில் 24.5 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. உள்ளே என்ன இருக்கு என்று தெரியாமல் காசு கொடுத்துத் திறக்கும் பெட்டிகளை பெல்ஜியம் 2018-லேயே சூதாட்டம் என்றது. நம் புதிய சட்டம் முக்கியமாகக் குறிவைப்பது பணம் ஜெயிக்கிற ஆட்டத்தை. காசு போய், திரும்பி எதுவும் வராத ஆட்டத்தை அவ்வளவு கண்டுகொள்ளவில்லை.

நேரமும் ஒரு செலவுதான். உலக சுகாதார நிறுவனம் ‘கேமிங் டிஸார்டர்’ என்பதை நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. லீவுல நாலு மணி நேரம் ஆடினால் அது நோய் இல்லை. நிறுத்த முடியாமல், படிப்பு, தூக்கம், உறவு எல்லாம் கெட்டும் தொடர்ந்து ஆடி, அது பொதுவாக 12 மாதம் நீடித்தால்தான் அந்தப் பெயர்.

நல்லதே இல்லையா?

இருக்கு. ‘வெண்பா’ ஆடிப் பாருங்க. கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மாவின் பழைய சமையல் நோட்டில் அழிந்துபோன வரிகளை யூகித்து இட்லி, புட்டு என்று சமைக்க வேண்டும். டொரண்டோவில் உருவாகி 2023-ல் வந்த இந்தச் சின்ன கேமுக்கு அடுத்த ஆண்டே சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா விருது கிடைத்தது. இதுவும் கேம்தான். ஒருமுறை காசு கொடுத்து வாங்கினால் போதும். நடுவில் கை நீட்டாது.

ஒரே போனை வீடே பயன்படுத்துகிறது என்றால் இன்றைக்கே ரெண்டு விஷயம் பாருங்க. ப்ளே ஸ்டோரில் எதை வாங்கினாலும் பாஸ்வேர்ட் கேட்கிற மாதிரி செட்டிங்கை மாற்றுங்க. யுபிஐ ஆப்பில் ‘ஆட்டோபே’ பகுதியைத் திறந்து, தெரியாத பெயர் இருந்தால் ரத்து செய்யுங்க. தடைக்குப் பிறகும் ரம்மி, பெட்டிங் என்று லிங்க்கில் வரும் ஏபிகே ஃபைலைத் தொடாதீங்க. பணம் ஏமாந்திருந்தால் 1930, ஆட்டத்தை நிறுத்த முடியாமல் தவித்தால் டெலி மானஸ் 14416.