கொன்றை பூக்கும்போது பள்ளிக்கு லீவு: அப்போ கணக்கெடுப்பது யார்?

கேரளாவில் விஷுக்கணிக்குக் கொன்றைப்பூ வேண்டும். விஷு வருவது ஏப்ரல் நடுவில். ஆனால் இப்போதெல்லாம் கொன்றை அதற்கு முன்பே பூத்துக் கொட்டிவிடுகிறது என்று அங்கே பலரும் சொல்கிறார்கள். உண்மையா, இல்லை வெறும் நினைப்பா? பதில் சொல்ல, ஆண்டுக்கணக்கில் விடாமல் எடுத்த பதிவு வேண்டும். அந்த வேலையில் பள்ளி மாணவர்களும் இருக்கிறார்கள்.

என்ன திட்டம் இது?

பெயர் சீசன்வாட்ச். 2010-ல் தொடங்கியது. நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற ஆய்வு அமைப்பு நடத்துகிறது. வேலை ரொம்ப சிம்பிள். ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, வாரம் ஒருமுறை அதே மரத்தைப் பார்க்க வேண்டும். தளிர், மொட்டு, பூ, காய், பழம் ஒவ்வொன்றும் இல்லையா, கொஞ்சமா, நிறையவா என்று குறிக்க வேண்டும்.

கேரளாவில் மட்டும் எப்படி இவ்வளவு பள்ளிகள்?

இந்தத் திட்டத்துக்கு அதிகமான பதிவுகள் வருவது கேரளப் பள்ளிகளிலிருந்துதான். காரணம் கூட்டணி. மாத்ருபூமி நாளிதழ் 'சீட்' என்ற பெயரில் பள்ளிகளுக்கான சுற்றுச்சூழல் திட்டம் ஒன்றை நடத்துகிறது. அதன் வழியாகவே சீசன்வாட்ச் வகுப்பறைக்குள் நுழைந்தது. எதை, எப்படிப் பதிவது என்பதை ஆய்வாளர்கள் வகுத்தார்கள். பள்ளிகளை எட்டும் வழி நாளிதழிடம் இருந்தது. மாணவர்களை மரத்தடிக்கு அழைத்துப் போனது ஆசிரியர்கள். மூன்றில் ஒன்று குறைந்தாலும் வண்டி ஓடாது.

சிக்கல் எங்கே?

காலண்டரில். ஏப்ரல், மே மாதங்களில் அங்கே பள்ளிகளுக்கு விடுமுறை. கொன்றைக்கும் மாவுக்கும் பலாவுக்கும் முக்கியமான காலம் அதுதான். பள்ளி வளாகத்து மரத்தை மட்டும் நம்பினால், ஷீட்டில் சரியாக அந்த வாரங்கள் காலியாகக் கிடக்கும்.

டேட்டா வேலை செய்பவர்களுக்கு இது புரியும்: 'பூ இல்லை' என்பதும் ஒரு பதிவு. காலிக் கட்டமோ எதையும் சொல்லாது. மரம் பூக்கவில்லையா, பார்க்க ஆள் இல்லையா என்றே தெரியாது.

தீர்வு?

மரம் வீட்டுப் பக்கத்தில் இருக்கட்டும். பிள்ளை ஊருக்குப் போனால் பாட்டியோ எதிர்வீட்டு அக்காவோ பார்த்துச் சொல்லலாம். சமூகப் பங்களிப்பு என்றால் ஜூன் 5 அன்று மரக்கன்று நட்டு போட்டோ எடுப்பது என்று ஆகிவிட்டது. இங்கே தேவைப்படுவது லீவிலும் தொடரும் ஒரு கண். சுற்றுச்சூழல் கல்வியைப் பள்ளிகளில் கட்டாயமாக்க 1991-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாடம் வந்துவிட்டது, பாடத்துக்கு வெளியே ஆள் வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

சீசன்வாட்சில் தனிநபர்களும் சேரலாம், எந்த மாநிலத்திலிருந்தும். அலுவலகம் போகிற வழியில் ஒரு புளியமரம் இருந்தால் போதும். பக்கத்துப் பள்ளி ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்: "டீச்சர், லீவுல உங்க மரத்தை நான் பார்த்துக்கட்டுமா?"