நட்சத்திரம் வைத்த லாரி
உருண்டோடும் கதைகள் – 17

சென்ற வாரம் பியட்டில் ஏறி பம்பாய் வரை போய்விட்டோம். இந்த வாரம் ஊருக்குள்ளேயே சுற்றலாம். கடலூர், சிதம்பரம், நடுவில் பரங்கிப்பேட்டை. வண்டி, பென்ஸ்.

‘நம்ம ஊர்ல ஏது சார் பென்ஸு?’ என்று யாராவது கேட்கலாம். கார்களை மட்டும் எண்ணினால் அந்தக் கேள்வி நியாயம்தான். டாக்டர்கள் சிலர், முந்திரி வியாபாரத்தில் தழைத்த பண்ருட்டிக்காரர்கள் சிலர், காலேஜ் நடத்துகிறவர்கள் சிலர் என்று பட்டியல் சீக்கிரம் முடிந்துவிடும். லாரிகளையும் சேர்த்துக்கொண்டால் கதையே வேறு. பழைய தென்னாற்காடு மாவட்டத்துக்குள் பென்ஸ் வந்தது பணக்காரர் வண்டியாக அல்ல, மூட்டை தூக்குகிற வண்டியாக.

ஜாம்ஷெட்பூரில் ரயில் எஞ்சின் செய்துகொண்டிருந்த டெல்கோ, 1954-ல் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸோடு 15 வருட ஒப்பந்தம் போட்டது. அந்த வருடமே லாரிகள் வெளிவரத் தொடங்கின. நீண்ட மூக்கு, முகப்பில் வட்டத்துக்குள் மூன்று முனை நட்சத்திரம், உள்ளே ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின். பெயர் டாட்டா மெர்சிடிஸ்-பென்ஸ். அதற்கு முன் இந்தப் பக்கம் ஓடிய பெட்போர்டு, டாட்ஜ், செவர்லே லாரிகளில் பெரும்பாலானவை பெட்ரோலைக் குடித்தவை. டீசலின் விலையையும் அது கொடுக்கிற மைலேஜையும் பார்த்த லாரி முதலாளிக்குக் கணக்குப் போட அதிக நேரம் ஆகவில்லை. பண்ருட்டியிலிருந்து பலாவும் மல்லாட்டையும், நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பும், கடலூர் துறைமுகத்தில் இறங்கிய உரமும் இந்த நட்சத்திரத்தின் பின்னால் ஏறிப் போன காலத்தைப் பழைய லாரிக்காரர்கள் இன்னமும் சொல்வார்கள். எதிர்க்கட்சி எண்ணூரிலிருந்து வந்த லேலண்ட். ‘லேலண்டா, டாட்டா பென்ஸா’ என்று டீக்கடையில் கட்சி பிரிந்து நின்றவர்களுக்கு சிவாஜி – எம்.ஜி.ஆர். சண்டை இரண்டாம்பட்சம்.

1969-ல் ஒப்பந்தம் முடிந்தது. நட்சத்திரம் இறங்கி அந்த இடத்தில் டாட்டாவின் ‘டி’ ஏறியது. வண்டி பெரிதாக மாறவில்லை. டிரைவர்களும் பழைய பெயரை உடனே விட்டுவிடவில்லை.

ஜெர்மனியிலும் டீசல் முதலில் ஏறியது லாரியில்தான். பென்ஸ் நிறுவனம் 1923-ல் டீசல் லாரியைச் செய்தது. டீசல் கார் வர 1936 ஆனது. 260டி என்ற அந்தக் கார்தான் வரிசையாகத் தயாரித்து விற்கப்பட்ட முதல் டீசல் கார்களில் முக்கியமானது. பதின்மூன்று வருடம் ஏன் இடைவெளி என்றால், அந்தக் கால டீசல் எஞ்சினின் கனமும் சத்தமும் காருக்குள் உட்கார முடியாத அளவு இருந்தன. அதற்கு வழி திறந்ததில் ஸ்டுட்கார்ட்காரரான ராபர்ட் பாஷின் கம்பெனிக்குப் பெரிய பங்கு உண்டு. டீசலைச் சொட்டுச் சொட்டாக அளந்து, சரியான நொடியில், பெரும் அழுத்தத்தில் சிலிண்டருக்குள் பீய்ச்சுகிற பம்பை 1927-ல் அது பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியது.

இந்த பம்ப்தான் நம் கதையின் நாயகன். கார் பத்திரிகைகள் குதிரைசக்தியை எழுதும், தோல் சீட்டை எழுதும், பம்பை எழுதாது. 1951-ல் தொடங்கிய மைக்கோ, பாஷின் கூட்டு நிறுவனம். பெங்களூரில் அது செய்த பம்புகளும் நாசில்களும் இந்திய லாரிகளுக்கும் டிராக்டர்களுக்கும் போயின. அதனால் கடலூர் முதுநகரிலும் விருத்தாசலத்திலும் சிதம்பரத்திலும் ‘பம்ப் – நாசில் சர்வீஸ்’ என்று போர்டு மாட்டிய பட்டறைகள் முளைத்தன. எட்டாம் வகுப்பைத் தாண்டாத பையன், கண்ணாடிக் குழாய்களில் டீசல் மட்டம் ஏறுவதைப் பார்த்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் சமமாகப் போகிறதா என்று சொல்லக் கற்றான். அவனுக்குத் தெரியாமலே அவன் கற்றது ஸ்டுட்கார்ட் பாடம்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், பின்னால் இந்த ஊருக்கு வந்த பென்ஸ் கார்களின் ஆயுளைத் தீர்மானித்தது ஷோரூம் அல்ல, இந்தப் பட்டறைகள்தான்.

பரங்கிப்பேட்டையில் நான் பார்த்த 240டி ஒன்று. டபிள்யூ123 என்று கம்பெனி பெயரிட்ட வரிசை அது. 1976-லிருந்து 1986 வரை உலகம் முழுக்க சுமார் 27 லட்சம் விற்றது. அதன் சொந்தக்காரர் பாதி வாழ்க்கையை மலேசியாவில் கழித்தவர். அங்கே வெளியூர் டாக்சியாக ஓடிய பென்ஸ்களில் போய் வந்து பழகியவர். ஊர் திரும்பியதும், சென்னையில் பலர் கை மாறி வந்த ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கினார். நான்கு சிலிண்டர், 72 குதிரைசக்தி. காலையில் சாவியைப் பாதி திருப்பிவிட்டு டேஷ்போர்டில் கம்பிச்சுருள் விளக்கு அணையும்வரை காத்திருக்க வேண்டும். எஞ்சின் சூடேறி நகரத் தொடங்கினால் பிறகு நிற்காது. ஆனால் வேகம்? கடலூர் – சிதம்பரம் தனியார் பஸ்ஸை இந்த பென்ஸ் ஒருநாளும் முந்தியதில்லை. ஆலப்பாக்கம் தாண்டி பின்னாலிருந்து ஏர்ஹார்ன் கேட்டால் ஓரம் ஒதுங்கி வழி விடுவதுதான் மரியாதை.

ஒருநாள் பி.முட்லூர் டீக்கடை வாசலில் வண்டியை நிறுத்தினார். சாவியைத் திருப்பினார், உருவினார், கதவைச் சாத்தினார். எஞ்சின் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

“பாய், சாவி உங்க கைல. வண்டி யார் கைல?” என்றார் டீ மாஸ்டர்.

நல்ல கேள்வி. பெட்ரோல் எஞ்சினில் சாவியைத் திருப்பினால் மின்சாரம் போகும், தீப்பொறி போகும், நின்றுவிடும். டீசலுக்குத் தீப்பொறியே தேவையில்லை, டீசல் வருவதை நிறுத்தினால்தான் நிற்கும். அந்தக் கால பென்ஸில் இந்த வேலையைச் செய்தது காற்று உறிஞ்சும் வேக்குவம். சாவியைத் திருப்பியதும் வேக்குவம் பம்பின் அடைப்பானை இழுத்து டீசலை நிறுத்தும். அதே வேக்குவத்தைத்தான் கதவுகளை ஒருசேரப் பூட்டவும் வைத்திருந்தார்கள். எங்காவது ஒரு ரப்பர் குழாய் வெடித்துக் காற்று கசிந்தால் அடைப்பானை இழுக்கத் தெம்பு இருக்காது.

இவர் பானெட்டைத் திறந்து, எஞ்சின் மேல் ‘ஸ்டாப்’ என்று எழுதியிருந்த சின்ன நெம்புகோலை அழுத்தினார். நின்றது. ஜெர்மன்காரன் இதையும் யோசித்து வைத்திருக்கிறான். மறுநாள் முதுநகர் லாரிப் பட்டறை.

“கதவுல காத்து போவுது பாய். கதவ பார்த்தாதான் எஞ்சின் நிக்கும்.”

“கிண்டல் பண்றியா? எஞ்சினுக்கும் கதவுக்கும் என்னப்பா சம்பந்தம்?”

“சம்பந்தம் இருக்கு பாய். புதுசு வேணும்னா மெட்ராஸ்லதான் தேடணும். இல்ல, கதவுக்குப் போற லைன அடைச்சுடலாம்.”

“அடைச்சுடு. நாலு கதவயும் நான் கையால பூட்டிக்கறேன்.”

பம்பின் அளவைச் சரிபார்க்க வேண்டி வந்தபோதும் அதே தெருவில் ஆள் இருந்தார். லாரி பம்ப் பார்க்கிற பெஞ்சிலேயே ஏற்றிப் பார்த்தார். கடல் காற்றுதான் அந்தக் காரை வென்றது. உப்பு முதலில் ஜாக்கி வைக்கிற இடங்களைத் தின்றது, அப்புறம் முன் மட்கார்டுகளை, பிறகு பேட்டரி தட்டை. கடைசிவரை எஞ்சினில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பென்ஸின் முதல் நெடும்பயணமே வழியில் ரிப்பேர் பார்த்த கதைதான். மன்ஹைம் நகரத்தின் கார்ல் பென்ஸ் தன் மூன்று சக்கர வண்டிக்கு 1886 ஜனவரி 29 அன்று காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். வண்டி விற்கவில்லை. 1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்த்தா, கணவரிடம் சொல்லாமல், இரண்டு பையன்களையும் ஏற்றிக்கொண்டு ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தாய்வீட்டுக்குக் கிளம்பினார். நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். நாம் கடலூரிலிருந்து சிதம்பரம் போய் நடராஜரைப் பார்த்துவிட்டுத் திரும்புகிற தூரத்தைவிடக் கொஞ்சம் கூட. எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்திவிட்டார். மின்கம்பி உரசியபோது காலுறைப் பட்டியைச் சுற்றினார். பிரேக் கட்டை தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்து அடித்துக்கொண்டார். எரிபொருள் தீர்ந்ததும் வீஸ்லோக் ஊர் மருந்துக்கடையில் கறை நீக்கும் லிக்ரோயின் வாங்கி ஊற்றினார். இந்த அம்மாளைத்தான் நான் முதல் பென்ஸ் மெக்கானிக் என்பேன். கார்லுக்கு விளம்பரம் வேறு கிடைத்தது.

மெர்சிடிஸ் என்ற பாதி, போட்டியாளரான டைம்லர் பக்கத்துச் சொத்து. எமில் ஜெல்லினெக் என்ற வியாபாரி தன் மகளின் பெயரை வைக்கச் சொன்னார். இரண்டு கம்பெனிகளும் 1926-ல் சேர்ந்தன. இந்தக் கதை எல்லா இடத்திலும் கிடைக்கிறது, விட்டுவிடலாம்.

கார் என்ற உருவத்தில் நட்சத்திரம் இந்தியத் தொழிற்சாலையை விட்டு வெளிவந்தது 1995-ல். மறுபடியும் டெல்கோ கூட்டுதான், இடம் புனே, வண்டி டபிள்யூ124 என்கிற இ-கிளாஸ். சிக்கல் என்னவென்றால், அதே வருடம் ஐரோப்பாவில் அடுத்த இ-கிளாஸ் வந்துவிட்டது. இங்கே பென்ஸ் வாங்கத் தெம்புள்ளவர் வெளிநாடு போய்வருகிறவர். அவரிடம் பழைய மாடலைப் புதுசு என்று விற்றால் எப்படிப் போகும்? விற்பனை எதிர்பார்த்தபடி நடக்கவில்லை. ஆனால் வாங்கிய டீசல்காரர்கள் பின்னால் வருத்தப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை. ஒற்றை வைப்பர், அது மூலைக்கு மூலை நீண்டு சுருங்கித் துடைக்கிற வித்தை, காலால் மிதிக்கிற பார்க்கிங் பிரேக். கோயில் வாசலில் வண்டியை நகர்த்த வந்த பையன் ஹேண்ட்பிரேக்கைத் தேடி சீட்டுக்கு நடுவில் துழாவுவது தனி வேடிக்கை.

அதற்குப் பிந்திய பென்ஸ்கள் வேறு ஜாதி. பெட்டி பெட்டியாக மின்னணுக் கருவி, அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ள ஒரு வலை. அதில் எந்தப் பெட்டி கோபித்துக்கொண்டது என்று அறிய கம்ப்யூட்டர் வேண்டும். கம்பெனி சர்வீஸ் என்றால் வெளியூர் போக வேண்டும். நடுவழியில் நின்றால் பிளாட்பெட் லாரி மேல் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். முதுநகர் மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிடுகிறார். அவர் மேல் தப்பில்லை.

எங்கள் ஊரின் இன்னொரு விசேஷம், புதுச்சேரி அரைமணி நேரத்தில் இருக்கிறது. அங்கே சாலை வரி குறைவு. அதனால் விலையுயர்ந்த பழைய கார்கள் ‘பிஒய்’ நம்பரோடு மலிவாகக் கண்ணில் படும். வாங்குகிறவர் கடலூர்க்காரராக இருந்து வண்டியும் இங்கேயே ஓடினால் தமிழ்நாட்டு வரி கட்டியாக வேண்டும். அந்தத் தொகையைச் சேர்த்துப் பார்க்காமல் முன்பணம் கொடுத்துவிட்டு ஆர்.டி.ஓ. ஆபீஸில் விழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

லாரி என்னவாயிற்று? அதுவும் திரும்பி வந்தது. 2012-ல் ஒரகடத்தில் டைம்லரின் தொழிற்சாலை திறந்தது, பாரத்பென்ஸ் என்ற பெயரில் லாரிகள் வந்தன. சிப்காட் வாசலிலும் நெய்வேலி ரோட்டிலும் இப்போது சாதாரணமாகப் பார்க்கலாம். பெயரில் பென்ஸ் உண்டு, முகப்பில் அந்த நட்சத்திரம் இல்லை. பி.எஸ்.6 வந்தபிறகு எந்தக் கம்பெனி லாரியானாலும் புகையைச் சுத்தம் செய்யத் தனிக் கருவி, சென்சார், பெரும்பாலானவற்றில் யூரியா கரைசலுக்கென்று இன்னொரு டேங்க். பம்ப் – நாசில் பட்டறைகளில் சில, லேப்டாப்பும் ஸ்கேனரும் வாங்கிப் போட்டிருக்கின்றன. மற்றவை டிராக்டர் பம்பையும் ஜெனரேட்டர் பம்பையும் வைத்துக் காலம் ஓட்டுகின்றன.

சிதம்பரம் நண்பர் ஒருவர் பழைய சி-கிளாஸ் ஒன்றை விலை பேசிவிட்டு, வாங்கலாமா என்று கேட்டார். 2015 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்த மாவட்டம் இது. அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். பெயிண்டையும் மியூசிக் சிஸ்டத்தையும் பிறகு பாருங்கள். முதலில் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். அடியில் சேற்றுக் கோடு தெரிந்தால் வண்டி தண்ணீரில் நின்றிருக்கிறது என்று அர்த்தம். தரைவிரிப்பைத் தூக்கி ஈர வாடை இருக்கிறதா என்று பாருங்கள். பல மாடல்களில் மின்னணுப் பெட்டிகள் அதற்கடியில்தான் இருக்கின்றன. இன்ஷூரன்ஸில் எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவு சேர்த்திருக்கிறதா என்று கேளுங்கள். தேங்கிய தண்ணீரில் ஸ்டார்ட் செய்து எஞ்சினுக்குள் நீர் புகுந்து ராடு வளைந்தால் சாதாரண பாலிசி பொதுவாகக் கை கொடுக்காது. மழை நாளில் வண்டி நின்றுபோனால் மறுபடி சாவியைத் தொடாதீர்கள், தள்ளிக்கொண்டே வெளியே கொண்டுவாருங்கள்.

நண்பர் போய்ப் பெல்ட்டை இழுத்தார். இப்போது மாருதி பார்த்துக்கொண்டிருக்கிறார்.

(அடுத்த வாரம்: தையல் மிஷினில் தொடங்கிய ஓப்பல்)