வெள்ளோட்டமும் வணிகச் செய்தித் தானியங்கியும்

புதிதாகச் சமைத்த தேரைத் திருவிழாவன்றே முதன்முதலாக வீதிக்குக் கொணர்வார் ஒருவருமிலர். விழாவுக்கு முன்னர் ஒரு நல்ல நாளிலே, சுவாமியை எழுந்தருளச் செய்யாமல், வடம் பூட்டி வீதியிலே இழுத்துப் பார்ப்பர். அச்சு இறுகுகின்றதா, சில்லு திருப்பத்திலே அடங்குகின்றதா, முடி மின்கம்பியிலே தட்டுகின்றதா என்பன அன்று தெரிந்துவிடும். இதனை வெள்ளோட்டம் என்பது நம்மவர் வழக்கு. செட்டியார் தெருவிலிருந்து காலி வீதி வழியாகப் பம்பலப்பிட்டிக்கு ஆடிவேல் இரதம் வரும் நெருக்கத்தைக் கண்டோர்க்கு அதன் தேவையை விரித்துரைத்தல் வேண்டா. கணினித் துறையார் ‘சாண்ட்பொக்ஸ்’, அஃதாவது மணற்பெட்டி, எனப் பெயரிட்டு வழங்கும் சோதனைக் களத்தின் இலக்கணம் இவ்வொரு தமிழ்ச் சொல்லிலே அடங்கியுள்ளது. தேர் மெய், வடம் மெய், வீதியும் மெய், சுவாமி மட்டும் எழுந்தருளவில்லை.

இனி, வணிகச் செய்தித் தானியங்கி என்பது யாதெனக் காண்பாம். வெள்ளவத்தையிலே ஒரு புடைவைக் கடை உளதெனக் கொள்வோம். வாடிக்கையாளரின் பெயர், கைப்பேசி எண், மின்னஞ்சல் முகவரி, பிறந்த நாள், விரும்பும் மொழி ஆகியவற்றை அக்கடை ஒரு மென்பொருளிலே பதிந்து வைக்கின்றது. பிறந்த நாள் வந்தால் வாழ்த்து அனுப்புக. ஆறு திங்கள் கடைப்பக்கம் வாராதவர்க்கு நினைவூட்டல் அனுப்புக. செய்தி வேண்டாவென்றவர்க்கு யாதும் அனுப்பற்க என விதிகளை ஒருமுறை வகுத்துவிட்டால், பின்னர் மென்பொருள் தானே இயங்கும். இதன் பயனும் இடரும் இவ்வியல்பிலேயே தங்கியுள்ளன. பிழையாக அச்சிட்ட துண்டுப் பிரசுரத்தைக் கட்டு அவிழ்க்குமுன் நிறுத்தி வைக்கலாம். அனுப்பிய செய்தியோ மீளாது. பத்தாயிரம் பேர்க்குச் சென்ற பின்னரே பிழை கண்ணிற்படும். ஒருவருடைய நிலுவைத் தொகை மற்றொருவர் கைப்பேசியிலே தோன்றுதலும், இறந்தவர் பெயருக்குப் பிறந்த நாள் வாழ்த்து வந்து வீட்டாரை வருத்துதலும் இவ்வகையால் நேரக்கூடியனவே.

2021 ஆம் ஆண்டு யூன் 17 ஆம் நாள், எச்.பி.ஓ. மக்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் வாடிக்கையாளர் பலர்க்கு, இணைப்புச் சோதனை மின்னஞ்சல் முதலாவது என்னும் பொருளுடைய தலைப்பில் ஒரு வெற்றஞ்சல் சென்றது. உலகம் நகைத்தது, தீங்கு வேறு விளையவில்லை. 2018 ஆம் ஆண்டு சனவரி 13 ஆம் நாள் ஹவாய்த் தீவுகளில் நிகழ்ந்ததோ நகைத்தற்குரியதன்று. ஏவுகணை வருகின்றதென்ற எச்சரிக்கை காலை 8.07 மணிக்கு மக்களின் கைப்பேசிகளிலே ஒலித்தது. அது பொய்யென்ற திருத்தச் செய்தி அதே வழியிற் செல்ல 38 நிமிடங்கள் கழிந்தன. அது வணிகச் செய்தியன்றாயினும், பிழையின் வேர் ஒன்றே. ஒத்திகைக்குரிய கட்டளையும் மெய்க்குரிய கட்டளையும் ஒரே பட்டியலிலே இருந்தன; ‘அனுப்பலாமா?’ என்று கணினி கேட்ட வினாவும் இரண்டிற்கும் ஒன்றாகவே இருந்தது. போதாக்குறைக்கு, ஒத்திகைக்கென ஒலிபரப்பிய பதிவிலே ‘இஃது ஒத்திகையன்று’ என்ற வாசகமும் கலந்துவிட்டது. பணியாளரைக் குறை கூறுவது எளிது. சோதனையையும் மெய்யையும் ஒரே கூரையின் கீழ் வைத்த அமைப்பே முதற் குற்றவாளியென்பது எம் கருத்து.

ஆகவே சோதனைக் களத்தை அமைப்போர் முதற்கண் செய்யவேண்டியது பிரிவினை. மெய்க் கணக்கிலேயே ‘சோதனை’ எனப் பெயரிட்ட ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு அமைதியுறுவது பலர் செய்வது, அது போதாது. கணக்கு வேறு, கடவுச்சொல் வேறு, குறுஞ்செய்தி அனுப்பும் நிறுவனத்தோடு இணைக்கும் திறவுகோல் வேறு, மின்னஞ்சல் புறப்படும் களப்பெயரும் வேறாதல் வேண்டும். திரையின் நிறத்தையும் மாற்றிவைத்தல் நன்று. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோ நிறுவனத்தின் வாடிக்கையாளர் மேலாண்மை மென்பொருளிலே இத்தகைய மணற்பெட்டி உண்டு. அதிலே மாற்றங்களைச் செய்து பார்த்துத் தேறியவற்றை மட்டும் மெய்க் களத்திற்கு நகர்த்தலாம். சேல்ஸ்போர்ஸ் நிறுவனத்தார் ஒரு படி மேலே சென்றுள்ளனர். புதிய மணற்பெட்டியிலிருந்து அமைப்புசார் அஞ்சல்களன்றி வேறெதுவும் வெளியேறாதபடி தொடக்கத்திலேயே வாயில் அடைபட்டிருக்கும். அதனைப் பயன்படுத்தும் பணியாளரின் முகவரிகளின் இறுதியிலும் ‘.இன்வாலிட்’ என்னும் ஒட்டு சேர்ந்துவிடும். அவ்வொட்டு எவர்க்கும் விற்கப்படாதென 1999 ஆம் ஆண்டிலேயே இணைய நெறியாளர் ஒதுக்கிவைத்தவற்றுள் ஒன்று. ஆயினும் மணற்பெட்டியிற் படியெடுக்கப்பட்ட வாடிக்கையாளர் முகவரிகளுக்கு அவ்வொட்டுத் தானாகச் சேர்வதில்லை. வாயிலைத் திறப்பவர் இதனை நினைவிற்கொள்ளல் வேண்டும்.

மெய் வாடிக்கையாளரின் பட்டியலைப் படியெடுத்துச் சோதனைக் களத்தில் இடுவதே தகாது. அது தேரிலே சுவாமியை ஏற்றிவிட்டு வெள்ளோட்டம் என்பதை ஒக்கும். ஒரு நோக்கத்துக்கெனப் பெற்ற விபரத்தை அந்நோக்கத்துக்கே பயன்படுத்துக என்பது நம் நாட்டின் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வகுத்த நெறிகளுள் ஒன்று. பட்டியலை உள்ளிடும்பொழுதே ‘புதியவர்க்கு நல்வரவு’ என்னும் விதி விழித்துக்கொண்டு அனைவர்க்கும் செய்தி அனுப்பிவிடுதலும் உண்டு. கற்பனைப் பெயர்களை நாமே சமைத்தல் வேண்டும். விதிகளை உறங்கவைத்த பின்னரே அவற்றை உள்ளிடல் வேண்டும்.

அக்கற்பனைப் பெயர்களை எவ்வாறு சமைப்பது? மேனாட்டார் தரும் மாதிரிப் பட்டியல் நமக்கு உதவாது. அங்கே முதற்பெயர் ஒருவர்க்கு இட்ட பெயர். நம்மிடையே அவ்விடத்திலே நிற்பது தந்தை பெயர். தந்தை கந்தையா, மகன் சிவராசா எனின், ‘அன்புள்ள கந்தையா’ என்று மகனுக்கு வாழ்த்துச் செல்லும். தந்தை காலமாகியிருப்பின் அவ்வாழ்த்து எங்ஙனம் இருக்குமென்பதைக் கூறவேண்டுவதில்லை. சிங்களப் பெயர்களிலே முன்னெழுத்துகள் நான்கைந்து நிற்பதுண்டு. ஒற்றைப் பெயருடையாரும் உளர். அவர்க்கு ‘அன்புள்ள’ என்பதன்பின் வெற்றிடமே செல்லும். இவ்வகை ஒவ்வொன்றிற்கும் ஓரிரு பெயர்களேனும் சோதனைப் பட்டியலில் இருத்தல் வேண்டும்.

எழுத்தெண்ணிக்கை அடுத்தது. உரோமன் எழுத்திலான குறுஞ்செய்தி ஒன்றிற்கு 160 எழுத்து இடமுண்டு. தமிழிலோ சிங்களத்திலோ எழுதினால் பெரும்பாலும் 70 குறியீடுகளே கொள்ளும். மிகுந்தால் 67 குறியீட்டுத் துண்டுகளாகப் பிளவுபடும். அதுவும் நாம் எண்ணும் எழுத்தன்று. ‘தமிழ்’ என்னும் சொல் நமக்கு மூன்றெழுத்து. கணினிக்கு ஐந்து குறியீடு. 150 எழுத்துள்ள ஆங்கிலச் செய்தி ஒரே துண்டாகச் செல்லும். அதனுள்ளே வாடிக்கையாளர் பெயரொன்று தமிழெழுத்தில் நுழையுமாயின் முழுச் செய்தியும் மூன்று துண்டாகிக் கட்டணமும் மும்மடங்காகும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தவர் இதனைத் திங்கள் இறுதியிற் பற்றுச்சீட்டிலேதான் காண்பர்.

நேரமும் அத்தகையதே. மென்பொருள் கிறீன்விச் நேரத்தில் இயங்கினால், இரவு 8 மணிக்கென வைத்த செய்தி கொழும்பிலே பின்னிரவு 1.30 மணிக்குச் சென்று உறங்குவோரை எழுப்பும். இந்திய நேரத்தைத் தெரிந்தாற் போதுமென்பார் உளர். இன்று அது பொருந்தும். எனினும் 1996 முதல் 2006 வரை நம் கடிகாரம் இந்தியக் கடிகாரத்தோடு ஒத்திருக்கவில்லை. கொழும்பு எனப் பெயர் குறித்துத் தெரிவதே முறை.

இத்தனையும் தேறிய பின்னரும் சோதனைக் களம் காட்டாதன சில உள. அஞ்சலைப் பெறும் நிறுவனங்கள் அதனைக் குப்பைக்கூடையில் இடுமா என்பதும், பத்தாயிரம் செய்தி ஒருங்கே புறப்படுங்கால் இணைப்புத் தாங்குமா என்பதும் மெய்க் களத்திலன்றித் தெளிவாகா. எனவே விதிகளை மெய்க் களத்திற்கு நகர்த்திய முதல் நாளிலே கடைப் பணியாளர் பத்துப்பேரின் சொந்த எண்களுக்கு, அவர்தம் இசைவோடு, மும்மொழியிலும் அனுப்புக. அவருள் ஒருவரைச் ‘செய்தி வேண்டா’ என விடையனுப்பச் செய்து, மறுநாள் அவர்க்கு யாதும் செல்லாமையைக் கண்ட பின்னர் நூறு பேர்க்கு அனுப்புக. எஞ்சியோர் ஒரு கிழமை காத்திருக்கலாம்.